தொடர்ச்சிப் படங்களும் நம் மேசைப் பேச்சும்: சிங்கப்பூர்த் தமிழ் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சூப்பர்ஹீரோ படத்துக்கோ அறிவியல் புனைகதைப் படத்துக்கோ புதிய பாகம் வெளிவந்தால், நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே காட்சிக்கு நுழைவுச்சீட்டு எடுப்போம். படம் முடிந்ததும் தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் உட்கார்ந்து, கடைசி ரயில் போகும்வரை பேசுவோம். புதிதாக வந்து சேர்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். பதில்கள் என்னுடையவை, மேசையில் உள்ள மற்றவர்கள் இவற்றில் பாதியை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சில படங்களின் முடிவும் பேசப்படுகிறது என்பதால், பார்க்காதவர்கள் பார்த்து வாசிக்கவும்.

ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே படத்தைப் பார்த்த இருவரில் ஒருவர் 'அருமை' என்றும் மற்றவர் 'ஏமாற்றம்' என்றும் சொல்வது எப்படி?

பெரும்பாலும் அவர்கள் சண்டையிடுவது இரண்டாம் பாகத்தைப் பற்றி அன்று. முதல் பாகத்தைப் பற்றி. 2024இல் 'ஜோக்கர்' படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2019இல் வந்த முதல் படம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. உலகெங்கும் நூறு கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் வசூலித்தது. இரண்டாம் பாகமோ பெரும்பகுதி நீதிமன்றத்திலும் சிறையிலும் நடக்கிறது. இடையிடையே வாக்கீன் ஃபீனிக்ஸும் லேடி காகாவும் பாடுகிறார்கள். அமெரிக்காவில் வெளியான அன்று படம் பார்த்து வந்தவர்களிடம் சினிமாஸ்கோர் நிறுவனம் மதிப்பெண் கேட்டபோது, அவர்கள் 'டி' கொடுத்தார்கள். எங்கள் மேசையில் ஒரு தம்பி, "பாட்டு தொடங்கியதுமே எழுந்துபோகலாம் என்று தோன்றியது அண்ணே" என்றான். பக்கத்தில் இருந்த அக்கா, இதைவிடத் துணிச்சலான தொடர்ச்சியைத் தாம் பார்த்ததில்லை என்றார். ஒரு மணி நேரம் வாதாடிய பிறகுதான் தெரிந்தது: தம்பிக்கு முதல் படம், மிதிபட்டவன் ஒருவன் திருப்பி அடிக்கும் கதை, அக்காவுக்கு அது, நோயாளி ஒருவனை ஊரே கைவிட்ட கதை. தம்பி கண்ட கதையை விரும்பியவருக்கு இரண்டாம் பாகம் துரோகமாகவும், அக்கா கண்ட கதையை விரும்பியவருக்கு அதே படம் நியாயமான முடிவாகவும் தெரிந்ததில் வியப்பில்லை. அதனால் யாராவது ஒரு தொடர்ச்சியைத் திட்டினால், முதல் பாகத்தில் அவருக்குப் பிடித்த காட்சி எது என்று முதலில் கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிதான் பேசத் தகுந்தது.

'டியூன்' இதற்கு நேர்மாறு. 2021இல் முதல் பாகத்தைக் கோவிட் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, இருக்கைகளில் இடைவெளி விட்டு உட்கார்ந்து பார்த்தோம். இடைவேளையில் விளக்குப் போட்டுவிட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியதுபோல் அது முடிந்தது. 2024இல் இரண்டாம் பாகத்தை நிரம்பிய அரங்கில் பார்த்தபோது, முதல் பாகத்தையே புதிதாக மெச்சத் தொடங்கினார்கள். தொடர்ச்சி முன்னதைக் கெடுக்கவும் கூடும், முன்னதைத் தூக்கி நிறுத்தவும் கூடும்.

முந்தைய பாகங்களைப் பார்க்காமல் போகலாமா?

படத்தைப் பொறுத்தது. 'டியூன்' இரண்டாம் பாகத்துக்கு முதல் பாகம் ஒன்றே போதும். ஆனால் அது கட்டாயம் வேண்டும். 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 2008இல் தொடங்கிய மார்வெல் வரிசையில் 22ஆவது படம், அதற்கு முந்தைய 21ஐயும் பார்த்துவிட்டு வரச் சொன்னால் எந்த நண்பரும் நம்மோடு பேசமாட்டார். அதற்கு முன்னால் வந்த 'இன்ஃபினிட்டி வார்' படத்தையாவது பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன்.

சிக்கலே, படங்களைப் பார்த்திருந்தாலும் போதாது என்ற நிலை வந்த பிறகுதான். 2023இல் வந்த 'தி மார்வெல்ஸ்' படத்தின் மூன்று நாயகியரில் ஒருவரை மட்டுமே திரைப்படத்தின் வழியாக நன்கு அறிந்திருந்தோம். மற்ற இருவர் ஆற்றல் பெற்ற கதை இரு தொலைக்காட்சித் தொடர்களில் கிடந்தது. வீட்டுப்பாடம் செய்யாமல் வகுப்புக்குப் போனதுபோல் உட்கார்ந்திருந்தேன் என்று ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' வேறு வகையில் சோதித்தது. வெஸ்லி ஸ்னைப்ஸ் மீண்டும் பிளேடாகத் தோன்றியதும் எங்களில் ஐம்பதை நெருங்கும் ஒருவர் கைதட்டி எழுந்தேவிட்டார்; பக்கத்தில் இருந்த தொடக்கக்கல்லூரி மாணவர் யார் இவர் என்று என்னிடம் கிசுகிசுத்தார். 1998இல் வந்த படத்தின் நாயகர் என்றேன். தாம் அப்போது பிறக்கவே இல்லை என்று அவர் சொன்ன தோரணையில், அது என் குற்றம் போலிருந்தது.

கதையை எத்தனை நாள் கழித்து வெளிப்படையாகப் பேசலாம்?

இது சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தனிச் சுமை. 'எண்ட்கேம்' இங்கே 2019 ஏப்ரல் 24 அன்று வந்துவிட்டது. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஏப்ரல் 26 அன்றுதான் வந்தது. அந்த இரண்டு நாளில் திருச்சியிலும் மதுரையிலும் இருக்கும் அத்தை பிள்ளைகளையும் சித்தப்பா பிள்ளைகளையும் கொண்ட குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாயைத் திறக்காமல் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். என் தங்கை, படம் பார்த்துவிட்டு வந்த இரவில் அழுகை முகப்படம் ஒன்றை மட்டும் போட்டாள். அடுத்த நிமிடம் மதுரையிலிருந்து, "யாரோ செத்துட்டாங்கன்னு சொல்லாமச் சொல்லிட்டியே அக்கா" என்று பதில் வந்தது. இயக்குநர்களான ரூசோ சகோதரர்கள் கதையை வெளியிட வேண்டாம் என்று ரசிகர்களுக்கு வெளிப்படையாகக் கடிதமே எழுதியிருந்தார்கள்; அழுகை முகப்படத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் மேசையில் உள்ள வழக்கம் எளிது. உட்காரும்போதே பார்க்காதவர் இருக்கிறாரா என்று கேட்போம். இருந்தால் நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என்று பேசிக்கொண்டிருப்போம். முதல் வாரயிறுதி கடந்தபின் வருபவருக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆங்கிலப் படத்தில் நகைச்சுவை வருமுன்பே அரங்கில் சிலர் சிரிக்கிறார்களே?

புதிதாகத் தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இதைத் தவறாமல் கேட்பார்கள். இங்கே ஆங்கிலப் படங்கள் பெரும்பாலும் திரையின் அடியில் சீன வசனவரிகளோடு ஓடுகின்றன. நடிகர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை உச்சரிக்குமுன் வரி முழுவதும் எழுத்தில் வந்துவிடுவதால், வாசிப்பவர்கள் அரை நொடி முந்திச் சிரிக்கிறார்கள். நாம் பின்னால் சிரிக்கிறோம். ஒரே நகைச்சுவைக்கு இரண்டு அலையாகச் சிரிப்பு எழுவது எனக்குப் பழகிப்போய், வெளிநாட்டில் படம் பார்த்தால் ஏதோ குறைவதுபோல் இருக்கிறது. (தமிழ்ப் படத்துக்கு ஆங்கில வரிகள் வரும்போது முந்திச் சிரிப்பவர்கள் நம் பிள்ளைகள். அது வேறு கவலை.)

2023இல் வந்த ஸ்பைடர்மேன் அசைபடத்தின் இரண்டாம் பாகத்தில், மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்த ஒரு நகரத்தில் பவித்ர பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்மேன் வருகிறார். 'சாய் டீ' என்று சொல்பவரை அவர் கடிந்துகொள்கிறார்; சாய் என்றாலே தேநீர்தான், நீ சொல்வது தேநீர்த் தேநீர் என்கிறார். அரங்கில் நாங்கள் சிரித்தோம். ஆனால் கோப்பிக்கடைக்கு வந்து 'தே தாரிக்' சொன்ன பிறகுதான் நகைச்சுவையின் முழு ருசியும் பிடிபட்டது. இந்தியில் உள்ள சாய், சீனத்தின் 'சா'விலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் டீயும் மலாயின் தேயும் ஹொக்கியன் மொழியின் 'தே'யிலிருந்து வந்தவை. ஒரே இலைக்கு இரு வழியாக வந்த இரு பெயர். பவித்ரர் அதட்டிய அந்த இரட்டைச் சொல் இந்த ஊர்க் கோப்பிக்கடை மேசையில் தினமும் அருகருகே உட்கார்ந்திருக்கிறது.

தமிழ்க் குரலில் பார்ப்பது தரக்குறைவா?

இல்லை. ஆனால் குரல் யாருடையது என்பது பெரிய விஷயம். 'எண்ட்கேம்' தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். விடுமுறைக்குச் சென்னை போயிருந்தபோது இதைப் பார்த்த நண்பர் ஒருவர், திரையில் டோனி ஸ்டார்க்கைக் கண்டாலும் மனத்தில் விஜய் சேதுபதியின் முகமே வந்து நின்றது என்று புலம்பினார். அவர் நடிப்பைக் குறைசொல்லவில்லை. பல ஆண்டுகளாகத் தமிழில் வேறொரு குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அத்தனை ஆண்டுப் பயணம் முடியும் படத்தில் குரலை மாற்றியதுதான் வருத்தம். தொடர்ச்சிப் படத்தில் குரலும் ஒரு பாத்திரமே. நடிகரை மாற்றினால் விளக்கம் கேட்கிறோம், குரலை மாற்றினால் மட்டும் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

பல்லண்டம் (மல்டிவெர்ஸ்), காலப்பயணம் எல்லாம் அம்மாவுக்கு எப்படி விளக்குவது?

விளக்கத் தேவையில்லை என்பதே என் அனுபவம். என் அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. தோ பாயோவில் மூவறை வீட்டில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'எண்ட்கேம்' படத்தில் கடந்த காலத்துக்குப் போய் எதை மாற்றினாலும் புறப்பட்டு வந்த நிகழ்காலம் மாறாது, புதிய கிளை ஒன்றுதான் முளைக்கும் என்பதை இரண்டு தட்டையும் ஒரு கரண்டியையும் வைத்து அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வெங்காயம் நறுக்கியபடியே கேட்டவர், "ஈரேழு பதினாலு லோகம்னு உங்க தாத்தா சொல்லுவாரே, அதுல ஒண்ணு கூடிடுச்சு, அவ்வளவுதானேய்யா" என்றார். காலம் ஓரிடத்தில் வேகமாகவும் மற்றோரிடத்தில் மெதுவாகவும் ஓடும் கதையைச் சொல்லத் தொடங்கினால், மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போன ககுத்மி அரசன், சற்றுநேரம் காத்திருந்து திரும்பியபோது பூமியில் யுகங்கள் கழிந்திருந்த கதையை அவர் எனக்குச் சொல்கிறார். எனக்குப் புதிதாக இருப்பது அவருக்குப் பழையது.

ஒரு வேறுபாட்டை மட்டும் அவரிடம் சொல்வேன். புராணத்தில் பதினான்கு உலகும் மேலும் கீழுமாக அடுக்கி வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உயிர்கள். பல்லண்டக் கதையிலோ ஒவ்வோர் உலகிலும் நாமே இருக்கிறோம், வேறு முடிவு எடுத்தவர்களாக. 1957இல் ஹியூ எவரெட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் குவாண்டம் கோட்பாட்டுக்கு முன்வைத்த விளக்கம் இதற்கு ஓரளவு நெருக்கமானது. ஆனால் அவருடைய கிளைகளுக்கு நடுவே யாரும் கதவு திறந்து போய்வர முடியாது. கதவு, திரைக்கதை ஆசிரியர்கள் வைத்தது. அந்தக் கதவு அடிக்கடி திறக்கத் தொடங்கியபின் ஒரு பாத்திரம் இறந்தால் அழுகை வருவதில்லை என்று அம்மா சொன்னார். "பக்கத்து லோகத்துல இன்னொருத்தன் இருக்கானே!" இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எங்கள் மேசையில் நான் கேட்டதில்லை.

தமிழில் வந்த தொடர்ச்சிகளை ஆங்கிலப் படங்களோடு ஒப்பிடலாமா?

ஒப்பிட வேண்டும், சலுகை கொடுக்காமல் ஒப்பிட வேண்டும். 2010இல் வந்த 'எந்திரன்' படத்தில் என்னால் மறக்க முடியாத காட்சி, தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துவது. உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அந்த எந்திரம் நினைக்கிறது. வெட்கம் தாங்காமல் ஓடிய பெண் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். மானம் என்றால் என்ன என்பதை ஓர் எந்திரத்துக்கு எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியை, வசனம் எதுவும் இல்லாமலே ஷங்கர் நம் முன் வைத்தார். அறிவியல் புனைகதை என்பது அந்தக் கேள்விதான்.

2018 நவம்பர் 29 அன்று வந்த '2.0' கண்ணுக்கு அதைவிடப் பெரியது, முப்பரிமாணத்திலேயே படமாக்கப்பட்டது. ஊரார் கைகளிலிருந்து பறந்துபோன கைபேசிகள் ஒன்றுசேர்ந்து ராட்சதப் பறவையாக எழும்போது, கண்ணாடிக்குள் கண்ணை விரித்தபடி நானும் வாய்பிளந்தேன். ஆனால் சிட்டிக்கு அதில் கேள்வி ஏதும் இல்லை. சண்டை மட்டுமே இருக்கிறது. படத்தின் உயிர் அக்‌ஷய் குமார் நடித்த பட்சிராஜனின் துயரத்தில் போய் ஒளிந்துகொண்டது. கைபேசிக் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று படம் உறுதியாகச் சொல்வதை எதிர்த்து இந்தியக் கைபேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அந்தச் சர்ச்சையில் எங்கள் மேசையும் இரண்டாகப் பிரிந்தது. அறிவியல் தவறாக இருந்தால் படம் தவறு என்றார் பொறியாளரான ஒருவர். 'டியூன்' படத்தில் மனிதர்களைச் சுமக்கும் மணற்புழுவை ஏற்றுக்கொண்ட அவர், கதிர்வீச்சுக்கு மட்டும் சான்று கேட்பது எப்படி என்று நான் கேட்டேன். மணற்புழு நம் ஊரில் நடக்கும் கதை அன்று, இது நம் ஊரில் நடப்பதாகச் சொல்கிறது என்றார். அந்தப் பதிலுக்கு என்னிடம் இன்றுவரை மறுபேச்சு இல்லை.

ஐமேக்ஸ் அரங்குக்குக் கூடுதல் வெள்ளி கொடுப்பது தகுமா?

'டியூன்' இரண்டாம் பாகத்துக்குத் தகும். அது ஐமேக்ஸுக்கென்றே படமாக்கப்பட்டது. ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள ஷா லிடோவில், நாயகன் பால் முதன்முறையாக மணற்புழுவின் மீது ஏறும் காட்சியில் இருக்கை அதிர்ந்தபோது, என் கையில் இருந்த சோளப்பொரியில் பாதி மடியில் கிடந்தது. 2022இல் வந்த 'அவதார்' இரண்டாம் பாகத்துக்கும் பெரிய திரை வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அதன் சில காட்சிகள் நொடிக்கு 48 சட்டகங்களில் ஓடுகின்றன, வழக்கம் 24. நீருக்கடியில் அது அற்புதம்; இருவர் நின்று பேசும்போது தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதுபோல் சிலருக்குத் தோன்றும். படம் 192 நிமிடம் என்பதையும், நடுவே இடைவேளை இல்லை என்பதையும் பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் நினைவில் வைக்கவும்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் கொடுக்கும் வகைப்பாட்டைப் பாருங்கள். பிஜி13 என்பது அறிவுரை. என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் கட்டாயம். பெற்றோர் கூடவே வந்தாலும் வயது குறைந்தால் அனுமதியில்லை. முகமூடி போட்ட நாயகன் என்றாலே குழந்தைகளுக்கான படம் என்று நினைத்து டெட்பூல் படத்துக்குப் பத்து வயதுப் பையனோடு வந்து நின்ற ஒருவரை வாசலில் பார்த்திருக்கிறேன்.

'மொக்கை' என்று சொன்னால் ஏன் முறைக்கிறீர்கள்?

அந்தச் சொல்லோடு எனக்குப் பகை இல்லை. அதோடு பேச்சு நின்றுவிடுவதுதான் வருத்தம். எந்தக் காட்சியில் மனம் விலகியது என்று சொல்லுங்கள். 'பிளாக் பாந்தர்' இரண்டாம் பாகம் வந்தபோது ஒரு நண்பர், கதை இழுக்கிறது, பாத்திரங்கள் கூடிவிட்டன, கடலடி மக்களின் போர் முடிவு அவசரம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் சரி. பிறகு அவரே, தொடக்கத்தில் நிறுவனத்தின் சின்னம் வரும்போது சாட்விக் போஸ்மனின் படங்கள் மட்டும் ஓசையே இல்லாமல் ஓடியதைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். முதல் பாகத்தின் நாயகரான போஸ்மன் 2020 ஆகஸ்டில், 43ஆம் வயதில், பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர். படம் முழுக்க அந்த இறப்பைச் சுமக்கிறது. அந்த ஆண்டுதான் நண்பர் தம் அண்ணனை இழந்திருந்தார் என்பது எங்களில் இருவருக்கு அப்போதுதான் தெரியும்.

பெயர்கள் ஓடி முடியும்வரை ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

கூடுதல் காட்சிக்காக என்றால், எல்லாப் படத்திலும் அது கிடையாது. 'டியூன்' இரண்டு பாகங்களிலும் இல்லை. 'எண்ட்கேம்' முடிவில் காட்சிக்குப் பதில் உலோகத்தைச் சுத்தியலால் அடிக்கும் ஓசை மட்டும் கேட்கும். 2008இல் வந்த படத்தில் குகைக்குள் அயர்ன் மேனின் முதல் கவசம் உருவான ஓசை அது.

நாங்கள் இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. ஒன்-நார்த்தில் 'சாண்ட்கிராலர்' என்ற கட்டடம், 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வரும் பாலைவன வண்டியின் வடிவில் நிற்கிறது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கூடம் அங்கே இயங்கியபோது, பல பெரிய படங்களின் காட்சி உத்திகளில் இந்த ஊர்க் கலைஞர்களின் கைவண்ணம் இருந்தது. திரையில் ஓடும் நூற்றுக்கணக்கான பெயர்களில் தெரிந்த ஒரு பெயரைக் கண்டுபிடித்து, தோளைத் தட்டிக் காட்டுவதற்காகவே உட்கார்ந்திருப்போம். 2023இல் அந்தக் கூடம் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. பழக்கம் மட்டும் விடவில்லை.

சூப்பர்ஹீரோ படங்களின் காலம் முடிந்துவிட்டதா?

2023இல் 'தி மார்வெல்ஸ்' மார்வெல் வரிசையிலேயே மிகக் குறைந்த வசூலைக் கண்டது. அடுத்த ஆண்டே 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 130 கோடி அமெரிக்க வெள்ளியைத் தாண்டியது. எனக்குத் தெரிந்தவரை முடிந்துகொண்டிருப்பவை அரங்குகள்தான். 2025 செப்டம்பரில் கேத்தே திரையரங்குகள் மூடப்பட்டன. எங்களில் இருவர் இப்போது படம் பார்க்க இரண்டு ரயில் மாறி வருகிறார்கள்.

அடுத்து எதற்குப் போகிறீர்கள்?

'டியூன்' மூன்றாம் பாகமும், அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் இம்முறை வில்லனாகத் திரும்பும் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே'யும் அமெரிக்காவில் 2026 டிசம்பர் 18 என்ற ஒரே நாளுக்கு அறிவிக்கப்பட்டிருக்கின்றன. எது முதலில் என்று மேசையில் மூன்று வாரமாக வாக்குவாதம். எங்களில் இருவர் அந்த வாரத்துக்கு இப்போதே விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எந்தப் படத்துக்கு என்று மட்டும் சொல்ல மறுக்கிறார்கள்.